வலைப்பக்கத்தில் ஒரு லேசான எடிட்டர்

கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் மாணவன், பாடத்தைப் படிக்கிற பக்கத்திலேயே நிரலையும் எழுதி, எழுதிய இடத்திலேயே அதை ஓட்டிப் பார்த்து, பிழை நேர்ந்தால் திருத்தி, மறுபடியும் ஓட்டிப் பார்க்கிற சௌகரியம் இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. அவன் எழுதுகிற அந்தக் கட்டத்தைச் சற்று நிதானமாகக் கவனித்தால், விலாசமோ புகாரோ எழுதுவதற்காகப் படிவங்களில் விடப்படும் கட்டத்தினின்றும் அது பல அம்சங்களில் வேறுபட்டிருப்பது புலப்படும். கட்டளைச் சொற்கள் ஒரு வர்ணத்தில் இருக்கும். மேற்கோள் குறிகளுக்குள் அடங்கிய வாசகங்கள் மற்றொரு வர்ணத்தில் இருக்கும். நிரலுக்கு இடையே எழுதிவைத்த விளக்கக் குறிப்புகள் மங்கலாகத் தெரியும். ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு இறங்கினால், மேல்வரி எவ்வளவு உள்தள்ளி ஆரம்பித்ததோ அவ்வளவே இதுவும் தள்ளி ஆரம்பிக்கும். இத்தகைய கட்டத்தைத்தான் எடிட்டர் என்று வழங்குகிறார்கள். அதை ஒரு பக்கத்தில், பக்கத்தின் பாரம் ஏறாமல், லேசாக அமைப்பது எப்படி என்பதே இங்கே நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

வர்ணம் தீட்டுவது வெறும் அலங்காரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூட மறந்துபோன மாணவனுக்கு, அந்த வரியில் எஞ்சியவை எல்லாம் சட்டென்று வாசகத்தின் வர்ணத்துக்கு மாறிவிடுவதே, ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே கிடைக்கும் எச்சரிக்கையாகும். கட்டளைச் சொல்லில் ஓர் எழுத்து பிசகினாலும் அது நிறம் பெறாமல் நிற்பதைக் கண்டு அவனே தெரிந்துகொள்வான். ஆசிரியர் அருகில் இல்லாத நேரத்தில் இந்த உதவி அற்பமானதல்ல.

பிரவுசருக்குள் பிறவியிலேயே அமைந்த எழுதும் கட்டம் ஒன்று உண்டு. டெக்ஸ்ட்ஏரியா என்பது அதன் பெயர். 1995ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 விதிகளிலேயே அது இடம்பெற்றிருந்தது என்றால் அதன் வயதை ஊகித்துக்கொள்ளலாம். கர்சரைக் காட்டுவது, வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுப்பது, நகலெடுத்து ஒட்டுவது, செய்ததை ரத்து செய்வது, எந்த மொழியின் விசைப்பலகையில் தட்டினாலும் ஏற்றுக்கொள்வது, பார்வையற்றவர்களுக்காகத் திரையைப் படித்துச் சொல்லும் கருவிகளுக்கு உள்ளதை உள்ளபடி ஒப்பிப்பது ஆகிய இத்தனை காரியங்களையும் அது ஒரு வரி நிரலைக்கூட நம்மிடம் எதிர்பாராமல் செய்து கொடுக்கிறது. அதனிடம் உள்ள பெரிய குறை ஒன்றே: அதற்குள் இருக்கும் எழுத்துகள் அனைத்தும் ஒரே வர்ணத்தில்தான் இருக்க முடியும். ஒரு சொல்லுக்கு மட்டும் தனி நிறம் கொடுப்பது அதற்குள் சாத்தியமில்லை. இந்த ஒரு குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டு உலகத்தில் நடந்த பிரயத்தனங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

2000ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 பதிப்பில் ஒரு புதிய வசதியைக் கொண்டுவந்தது. பக்கத்தில் உள்ள எந்தப் பகுதியை வேண்டுமானாலும், வர்ணமும் தடிப்பும் அப்படியே இருக்க, வாசகரே நேரில் திருத்தலாம் என்பது அதன் சாரம். கன்டென்ட்எடிட்டபிள் என்று அதற்குப் பெயர். கேட்பதற்கு நம் காரியம் முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் என்டர் விசையைத் தட்டினால் ஒரு பிரவுசர் ஒருவிதமான உறுப்பைப் புகுத்தும், இன்னொரு பிரவுசர் வேறுவிதமானதைப் புகுத்தும் என்ற நிலை வெகுகாலம் நீடித்ததால், அதை நம்பி எடிட்டர் கட்டியவர்கள் பட்ட சிரமம் சொல்லி முடியாது. டச்சுக்காரரான மரைன் ஹேவர்பேக் 2007இல் கோட்மிரர் என்ற எடிட்டரை முதன்முதலில் வெளியிட்டபோது, பக்கத்துக்குள் மற்றொரு பக்கத்தைப் பதித்து அதனை முழுவதும் திருத்தக்கூடியதாக ஆக்கும் உபாயத்தையே கையாண்டார்.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர்கள் மொசில்லாவின் ஆய்வகத்தார். 2009 பிப்ரவரியில் அவர்கள் அறிமுகப்படுத்திய பெஸ்பின் என்ற எடிட்டர், பிரவுசரின் எழுதும் வசதிகள் எவற்றையும் நம்பாமல், கான்வாஸ் என்னும் வெற்றுத் திரையின்மேல் ஒவ்வொரு எழுத்தையும், கர்சரையும்கூடச் சித்திரமாகவே தீட்டியது. வேகத்தில் அது பிரமிக்கத்தக்கதாக இருந்தது உண்மை. ஆயினும் சித்திரத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திரை படிக்கும் கருவி படிக்காது. பிரவுசர் இனாமாகக் கொடுத்த எத்தனையோ சிறு சௌகரியங்களை மறுபடியும் தாமே கையால் செய்துகொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு ஏற்பட்டது. பெஸ்பின் 2010இல் ஸ்கைரைட்டர் என்று பெயர் மாற்றம் பெற்று, 2011இல் ஏஸ் என்ற வேறோர் எடிட்டரோடு ஐக்கியமாகிவிட்டது. ஏஸ் எழுத்துகளைச் சித்திரமாகத் தீட்டாமல் பக்கத்தின் சாதாரண உறுப்புகளாகவே அமைத்தது. இன்றும் அது உயிரோடு புழக்கத்தில் இருக்கிறது.

ஹேவர்பேக்கும் சும்மா இருக்கவில்லை. 2011இல் வந்த கோட்மிரரின் இரண்டாம் பதிப்பில் பழைய உபாயத்தைக் கைவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு டெக்ஸ்ட்ஏரியாவில் விசைகளை வாங்கிக்கொண்டு, வெளியே தெரியும் எழுத்தையும் கர்சரையும் தாமே அமைக்கும் முறைக்கு மாறினார். அந்த முறையும் செல்பேசிகள் பெருகிய பிறகு இடறத் தொடங்கியது; ஏனெனில் செல்பேசியின் விசைப்பலகை, கர்சரைச் சுற்றி இருக்கும் சொற்களைப் பார்த்தே அடுத்த சொல்லை ஊகிக்கிறது; கண்ணுக்குத் தெரியாத கட்டத்திலோ அந்தச் சொற்கள் கிடையா. ஆகவே 2022 ஜூன் மாதம் நிலைபெற்ற ஆறாம் பதிப்பில், இதற்குள் பிரவுசர்களின் நடத்தையும் வெகுவாகச் சீர்ப்பட்டிருந்தபடியால், மீண்டும் கன்டென்ட்எடிட்டபிள் முறைக்கே அவர் திரும்பிவிட்டார். பதினைந்து வருஷ அனுபவத்துக்குப் பிறகு ஒரு நிபுணர், தட்டச்சு செய்யும் காரியத்தைப் பிரவுசரின் பொறுப்பிலேயே விடுவதுதான் உசிதம் என்று தீர்மானித்தார் என்பதை, லேசான எடிட்டர் அமைக்க விரும்புகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வரிசையில் மொனாக்கோ என்ற எடிட்டரைச் சொல்லாமல் விட முடியாது. ஸூரிக் நகரத்தில் எரிக் காமாவின் தலைமையில் 2011இல் ஆரம்பமான ஒரு மைக்ரோசாப்ட் முயற்சியின் பலன் அது. இன்று உலகம் முழுவதும் நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற மென்பொருளின் இருதயமும் அதுவே. ஒரு பெயரை இரண்டு எழுத்து தட்டினால் மீதியைத் தானே நிரப்பும். பிழையான இடத்தில் சிவப்பு அலைக்கோடு போடும். அதன் சாமர்த்தியத்தில் சந்தேகமே இல்லை. ஆனால் அத்தனை சாமர்த்தியத்துக்கும் ஏற்ற பாரம் மெகாபைட் கணக்கில் பக்கத்தின்மேல் ஏறுகிறது. போதாததற்குச் செல்பேசிப் பிரவுசர்களை அது ஆதரிக்கவில்லை என்று அதனை வெளியிட்டவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பத்து வரி நிரலைச் செல்பேசியில் எழுதிப் பார்க்கப்போகிற பள்ளி மாணவனுக்காகப் பக்கம் அமைப்பவர், இதைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இல்லை.

பெரிய எடிட்டர்கள் ஏன் அவ்வளவு பெரியவையாக இருக்கின்றன என்று கேட்கலாம். பத்தாயிரம் வரியுள்ள கோப்பை அவை திறக்க வேண்டியிருக்கிறது. அத்தனை வரிகளையும் வர்ணத்தோடு பக்கத்தில் அமைத்தால் பிரவுசர் திணறிப் போகும். ஆகையால் அந்தச் சமயத்தில் திரையில் தெரிகிற சில வரிகளை மாத்திரம் அமைத்து, மற்றவற்றை நினைவில் வைத்துக்கொண்டு, வாசகர் உருட்ட உருட்டப் புதிய வரிகளைப் போட்டுப் பழையவற்றை நீக்கிவரும் ஏற்பாடு அவற்றில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டினால் பிரவுசரின் தேடும் வசதி பயனற்றுப் போகிறபடியால், தேடுவதற்கும் அவை தனி வசதி செய்துதர வேண்டியிருக்கிறது. ஒரு வசதி மற்றொன்றை வேண்டி நிற்க, அது இன்னொன்றை வேண்டி நிற்க, இப்படியாக எடை ஏறுகிறது. நம் எழுத்து சில நூறு வரிகளைத் தாண்டாது என்பது நிச்சயமானால், இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியையே நாம் தொட வேண்டியதில்லை. ஒவ்வொரு விசைக்கும் முழு நிரலையும் புதிதாக வர்ணம் தீட்டினாலும் பிரவுசர் அதைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடித்துவிடும்.

இனி லேசான வழிக்கு வருவோம். டெக்ஸ்ட்ஏரியாவுக்குள் வர்ணம் வராது என்றால், வர்ணத்தை அதற்குள் கொண்டுவருவானேன் என்று யாரோ ஒரு புத்திசாலிக்குத் தோன்றியிருக்க வேண்டும். படத்தின்மேல் எண்ணெய்த்தாளை வைத்துக் கோடு பிடித்து வரையும் சிறுவன், தாளில் வரைந்துகொண்டே அடியில் உள்ள படத்தைப் பார்ப்பதுபோல, டெக்ஸ்ட்ஏரியாவை மேலே வைத்து, அதே வாசகத்தின் வர்ணப் பிரதி ஒன்றைச் சரியாக அதன் அடியில் வைத்து, மேலே உள்ள எழுத்துகளை முற்றிலும் ஒளி ஊடுருவும்படி செய்துவிட்டால், வாசகர் தட்டுவது மேலே, பார்ப்பது அடியிலே என்று ஆகிவிடுகிறது. கர்சர் மட்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமல்லவா? அதற்கென்றே சிஎஸ்எஸ்ஸில் கர்சரின் நிறத்தைத் தனியாகச் சொல்லும் விதி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தடவை எழுத்து மாறும்போதும், மாறிய வாசகத்தை எடுத்து, வர்ணம் தீட்டி, அடியில் உள்ள பிரதியை மாற்றிவிட்டால் போதும். வர்ணம் தீட்டுவதற்கு நாமே இலக்கணம் எழுதலாம். இல்லையேல் லீயா வெரூ 2012இல் வெளியிட்ட பிரிஸம் போன்ற சிறு தொகுப்பைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

யுக்தி எளிதுதான்; அதன் வெற்றி முழுவதும் இரண்டு அடுக்குகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதிலேயே இருக்கிறது. எழுத்துருவும், எழுத்தின் அளவும், வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியும், ஓரங்களில் விடும் இடமும், நீண்ட வரி மடங்கும் விதமும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மேலடுக்கு உருளும்போது கீழடுக்கும் அதே அளவு உருள வேண்டும். வாசகத்தின் கடைசியில் ஒரு வெற்று வரி இருந்தால் டெக்ஸ்ட்ஏரியா அதற்கு இடம் விடும்; அடியில் இருக்கும் பிரதி விடாது. இதை அறியாதவர்கள், கடைசி வரிக்கு வந்ததும் இரண்டும் ஒரு வரி விலகி நிற்கும் மர்மத்தைத் தேடிப் பொழுதைக் கழிப்பார்கள். பிரதியின் முடிவில் ஓர் இடைவெளியைச் சேர்த்துவிடுவதே பரிகாரம். நிரலில் வரும் கோணக் குறிகளையும் ஆம்பர்சண்ட் குறியையும் உரிய மாற்றுக் குறிகளால் பெயர்த்து எழுதிய பின்னரே பிரதிக்குள் இட வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் மாணவன் எழுதிய எச்டிஎம்எல் உறுப்பு, எழுத்தாகத் தெரிவதற்குப் பதிலாக உண்மையான உறுப்பாகவே முளைத்துவிடும். செல்பேசியின் விசைப்பலகை தன் இஷ்டத்துக்கு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவதையும், சொற்களைத் திருத்துவதையும், எழுத்துப்பிழை பார்ப்பதையும் நிறுத்திவைக்க வேண்டும். ஐபோனில் எழுத்தின் அளவு 16 பிக்ஸலுக்குக் குறைந்தால், கட்டத்தைத் தொட்டவுடன் பக்கம் முழுவதும் பெரிதாகி முன்னே வந்துவிடும். ஆகையால் அதற்குக் குறையாமல் வைப்பது நலம்.

டாப் விசையைப் பற்றி ஒரு வார்த்தை. நிரல் எழுதுகிறவர்களுக்கு அது உள்தள்ளும் விசை. பிரவுசருக்கோ அடுத்த கட்டத்துக்குப் போகும் விசை. அதை நாம் பிடித்து இடைவெளி போடச் செய்துவிட்டால், மௌஸைப் பயன்படுத்த இயலாமல் விசைப்பலகை ஒன்றையே நம்பியிருப்பவர், எடிட்டருக்குள் நுழைந்த பிறகு வெளியே வர வழியின்றி அகப்பட்டுக்கொள்வார். இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் எட்டுவதற்காக வகுக்கப்பட்ட சர்வதேச விதிகள் இதனை அடிப்படைக் குற்றமாகவே எண்ணுகின்றன. எஸ்கேப் விசையைத் தட்டிய பின் டாப் தட்டினால் வெளியேறலாம் என்று ஏற்பாடு செய்து, அதைக் கட்டத்தின் அருகிலேயே எழுதியும் வைப்பது நியாயமான சமரசம். டாப் விசைக்கு இடைவெளி புகுத்தும்போது, டெக்ஸ்ட்ஏரியாவின் மொத்த வாசகத்தையும் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து மாற்றி எழுதும் குறுக்கு வழியைத் தவிர்க்க வேண்டும். அப்படி எழுதினால், அதற்கு முன் செய்தவற்றை எல்லாம் ரத்து செய்யும் சரித்திரம் குலைந்துபோகும். எக்ஸெக்கமாண்ட் என்ற பழைய கட்டளை, காலாவதியானதென்று விதிகளில் முத்திரை குத்தப்பட்டிருந்தாலும், இந்தச் சரித்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டே எழுத்தைப் புகுத்துவதால் இன்னும் பிரயோஜனப்படுகிறது.

இவ்வளவையும் தாமே செய்துகொள்ள அவகாசம் இல்லாதவர்களுக்குக் கோட்ஜார் என்ற சிறு தொகுப்பு இருக்கிறது. அதன் எடை சுமார் இரண்டரை கிலோபைட்தான். ஆனால் அது டெக்ஸ்ட்ஏரியாவைச் சாராமல் கன்டென்ட்எடிட்டபிள் வழியில் செல்வது. வர்ணம் தீட்டும் வேலையையும் நம்மிடமே விட்டுவிடுகிறது.

நம்மவர்களுக்கு இந்த விஷயத்தில் தனி அக்கறை இருக்க வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. பைதான் மொழி 2008இல் வந்த தன் மூன்றாம் பதிப்பிலிருந்தும், ஜாவாஸ்கிரிப்ட் அதற்கு முன்பிருந்தும், மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே வைக்க இடம் கொடுக்கின்றன. ‘விலை’ என்ற பெயரில் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அதனை ‘அளவு’ என்பதோடு பெருக்கலாம். கட்டளைச் சொற்களே தமிழில் அமைந்த எழில் என்ற நிரல்மொழியும், முத்து அண்ணாமலையின் முயற்சியால் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் எடிட்டர்கள் பெரும்பாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற அனுமானத்தின்மேல் கட்டப்பட்டவை. ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலத்தில் அடங்குமா? கர்சரின் ஸ்தானத்தைப் பெருக்கல் கணக்கினால் கண்டுபிடிக்கும் எடிட்டரில் தமிழை எழுதினால், கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் விழுவது இதனால்தான். ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடிலோ, இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பெறுவதால், ஐந்து.

டெக்ஸ்ட்ஏரியாவை மேலே வைக்கும் யுக்தியில் இந்தத் தொல்லை இல்லை. கர்சரை வைப்பது பிரவுசரின் பொறுப்பு, பிரவுசருக்கோ தமிழ் தெரியும். ஒலிமுறையில் தட்டும்போது எழுத்து பாதியில் உருமாறிக்கொண்டே வருமே, அந்த இடைநிலையையும் டெக்ஸ்ட்ஏரியா குலையாமல் கையாளும். கன்டென்ட்எடிட்டபிள் வழியில் செல்பவர்கள், எழுத்து உருவாகி முடிந்ததென்ற அறிவிப்பு வரும்வரை வர்ணம் தீட்டாமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இடையில் தீட்டினால், தட்டிய எழுத்து இரட்டிக்கும் அல்லது மறைந்துபோகும். ஆயினும் நம் யுக்தியிலும் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு உண்டு. கட்டளைச் சொற்களைத் தடித்த எழுத்தில் காட்ட ஆசைப்படக்கூடாது. ஒரே அகலமுள்ள ஆங்கில எழுத்துருக்களில் பெரும்பாலும் தடித்தாலும் அகலம் மாறாமல் இருக்கலாம், தமிழ் எழுத்து தடித்தால் அகலமும் கூடிவிடும், இரண்டு அடுக்கும் விலகிவிடும். நிறம் ஒன்றோடு திருப்தி அடைவதே விவேகம். இரண்டாவது, சொற்களைப் பிரிக்கும் விதியைப் பற்றியது. வழக்கமாக எல்லோரும் எழுதும் விதி ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுத்தென்று எண்ணும். யூனிகோடின் எழுத்து வகையைச் சேர்த்துக்கொண்டாலும், நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் அதில் அடங்காமல் குறி என்ற வேறு வகையில் இருக்கின்றன. ஆகையால் இரண்டு வகையையும் விதியில் சேர்க்காவிட்டால், ‘விலை’ என்ற பெயர் வகரத்துக்கும் இகரக் குறிக்கும் நடுவில் துண்டாகி, குறி தன் எழுத்தைப் பிரிந்து தனியே நிற்கும்.

மாணவன் எழுதிய நிரலைப் பக்கத்திலேயே ஓட்டிக் காட்டுவதாயின் ஜாக்கிரதை அவசியம். அவன் எழுதியதை மற்றொரு மாணவன் திறந்து பார்க்கக்கூடிய ஏற்பாடு இருந்தால், விஷமக்காரன் ஒருவன் எழுதும் நிரல், பார்ப்பவருடைய கணக்கு விவரங்களையே களவாட முடியும். பக்கத்துக்குள் பதிக்கும் ஐஃபிரேம் உறுப்பில் ஸாண்ட்பாக்ஸ் என்ற தடையை வைத்து, நிரல் ஓடுவதற்கு மாத்திரம் அனுமதி தந்து, தாய்ப்பக்கத்தின் உரிமைகளைத் தராமல் விடுவதே பாதுகாப்பான முறை. இரண்டு அனுமதிகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், தாய்ப்பக்கத்தின் முகவரியிலிருந்தே வரும் நிரல் தன் தடையைத் தானே நீக்கிக்கொள்ள வழி ஏற்பட்டுவிடும்.

என் தீர்ப்பு இதுதான்: சில வரிகள் எழுதிப் பார்க்கும் பாடப் பக்கத்துக்கு டெக்ஸ்ட்ஏரியாவும் வர்ணப் பிரதியும் போதும், ஆயிரக்கணக்கான வரிகள், தேடல், அடைப்புக்குறிகளைப் பொருத்திக் காட்டுதல் முதலியன வேண்டும் என்றால், தேவையான உறுப்புகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ள இடம் தரும் கோட்மிரரின் ஆறாம் பதிப்பு தகும், மொனாக்கோவை, கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து நாள் முழுவதும் நிரல் எழுதுகிறவர்களுக்கு விட்டுவிடலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், பக்கத்தை வெளியிடுவதற்கு முன்னால், விலை குறைந்த ஆண்ட்ராய்டு செல்பேசி ஒன்றை எடுத்து, அதன் தமிழ் விசைப்பலகையில் நாலு வரி தட்டி, நடுவில் ஒரு சொல்லை அழித்துத் திருத்தி, கர்சர் தன் இடத்தில் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.